மிதிக்கும்போது காலடியில் சத்தம்: பி.பி. பழுதை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மிதிக்கும்போது காலடியில் கிறீச்சென்றோ டக்கென்றோ கேட்டால் எல்லோரும் முதலில் கை காட்டுவது பாட்டம் பிராக்கெட்டை; கடை மொழியில் பி.பி. பெடல்களைத் தாங்கும் கைகளான இரண்டு கிராங்குக்கும் நடுவே பிரேமின் அடிக்கூட்டுக்குள் இருக்கும் ஆக்ஸில் (அச்சு), குண்டுகள் உருளும் கிண்ணமான கப், பால்ரஸ் குண்டுகள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஆனால் பல நேரம் அதன்மேல் வீண்பழிதான் விழுகிறது. பிரேம் குழாய்கள் சத்தத்தை நன்றாகக் கடத்தும். சீட் கம்பியில் எழும் கிறீச்சல்கூடக் காலடியிலிருந்து வருவதுபோலவே கேட்கும். அதனால் சத்தத்தை மட்டும் நம்பிப் புதுப் பாகம் வாங்காதீர்கள். கிராங்கைக் கையால் ஆட்டினால் தெரியும் ஆட்டம், சுற்றினால் தெரியும் கரகரப்பு, இந்த இரண்டையும் பார்த்த பிறகே பர்ஸைத் திறக்க வேண்டும்.

## உங்கள் சைக்கிளில் இருப்பது எந்த வகை

காட்டர் பின் வகை. கிராங்கின் குறுக்கே ஒரு பின்னும் அதன் நுனியில் சின்ன நட்டும் தெரியும். பால், தண்ணீர்க்குடம், மூட்டை ஏற்றும் பழைய கறுப்புச் சைக்கிள்களில் இருப்பது இது. உள்ளே தனித்தனிக் குண்டுகள். வலப்பக்கக் கப் அசையாது. இடப்பக்கக் கப்பைத் திருகி ஆட்டத்தைச் சரிசெய்யலாம், அதன்மேல் அதை நகராமல் பூட்டும் ஒரு லாக் ரிங் இருக்கும்.

சதுர முனை வகை. கிராங்கின் நடுவில் உள்ள மூடியை எடுத்தால் ஒற்றைப் போல்ட் அல்லது நட் தெரியும். உள்ளே ஆக்ஸிலும் பேரிங்கும் சேர்த்து ஒரே துண்டாக மூடப்பட்ட கேட்ரிட்ஜ் இருக்கலாம். விலை குறைந்த கியர் சைக்கிள்களில் சதுர முனை ஆக்ஸிலோடு பழையபடி தனிக் குண்டுகளே இருப்பதும் உண்டு. இடப்பக்கம் லாக் ரிங் தெரிந்தால் குண்டு வகை; உள்பக்கம் பல் பல்லாக வரி ஓடிய கப் தெரிந்தால் கேட்ரிட்ஜ்.

வெளிக்கப் வகை. பேரிங் பிரேமுக்கு வெளியே நிற்கும். இடது கிராங்கில் பக்கவாட்டாக இரண்டு அலன் போல்ட். ஷிமானோவின் ஹாலோடெக் 2 இந்த வகை. ஆக்ஸில் 24 மி.மீ. தடிமன், உள்ளே வெற்றுக்குழல்.

பிரஸ் பிட் வகை. கூட்டில் மரையே இல்லை. பேரிங்கை அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். கார்பன் பிரேம்களிலும் விலை கூடிய அலுமினியப் பிரேம்களிலும் காணலாம்.

மரை விஷயத்தில் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஓடும் சைக்கிள்களில் பெரும்பாலானவை ஆங்கில மரை கொண்டவை: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. இதில் வலப்பக்கக் கப் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகுவது. எந்தப் பக்கமானாலும் கப்பின் மேல்விளிம்பு முன்சக்கரத்தை நோக்கிப் போகும்படி திருப்பினால் கழலும், பின்சக்கரத்தை நோக்கித் திருப்பினால் இறுகும். பெடல் இதற்கு நேர் எதிர்: ஸ்பேனரின் மேல்பக்கம் பின்சக்கரத்தை நோக்கிப் போனால் கழலும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வலப்பக்கக் கப்பில் பைப் போட்டு முறுக்கி மரையைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய.

## பாகம் கழற்றும் முன் மூன்று சோதனைகள்

ஆட்டச் சோதனை. பெடலைப் பிடிக்காதீர்கள், பெடலின் ஆட்டம் குழப்பிவிடும். கிராங்கின் நுனியைப் பிடித்து, பிரேமை நோக்கி உள்ளும் வெளியும் தள்ளி இழுங்கள். அடுத்த பக்கமும் அப்படியே. பிறகு கிராங்கைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி.

சுற்றுச் சோதனை. செயினைச் செயின் வீலிலிருந்து இறக்கிவிடுங்கள். ஒரு கையைச் சீட் குழாயின்மேல் வைத்துக்கொண்டு மறுகையால் கிராங்கை மெல்லச் சுற்றுங்கள். கரகரப்பு இருந்தால் காதில் கேட்பதற்கு முன்பே உள்ளங்கையில் தெரிந்துவிடும். புதுக் கேட்ரிட்ஜ் சீலின் உரசலால் கொஞ்சம் கெட்டியாகத்தான் சுற்றும், அது பழுதல்ல. கெட்டித்தன்மை சுற்று முழுக்க ஒரே சீராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஓட்டச் சோதனை. ஒரு ஏற்றத்தில் சீட்டில் உட்கார்ந்து மிதியுங்கள். பிறகு எழுந்து நின்று மிதியுங்கள். பிறகு மிதிக்காமல் உருள விடுங்கள். சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள தலைப்புகள் எல்லாம் இந்த விடையிலிருந்துதான் கிளை பிரிகின்றன.

## அறிகுறி 1: உட்கார்ந்தால் கிறீச், எழுந்து மிதித்தால் சத்தமில்லை

பி.பி.யைத் தொடவே வேண்டாம். சீட் கம்பியை வெளியே எடுத்து, அதையும் சீட் குழாயின் உள்வாயையும் துடைத்து, மெல்லக் கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். கார்பன் கம்பியாக இருந்தால் கிரீஸ் கூடாது. அதற்கென்று விற்கும் மணல் கலந்த பசையைத்தான் பூச வேண்டும். எடுப்பதற்கு முன் கம்பியில் டேப் ஒட்டி உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சீட்டின் அடிக்கம்பிகள் கிளாம்பில் உட்காரும் இடத்தைத் துடைத்து போல்ட்டை இறுக்குங்கள். பழைய ஸ்பிரிங் சீட்டில் ஒவ்வொரு சுருளின் அடியிலும் ஒரு சொட்டு எண்ணெய்.

## அறிகுறி 2: மிதிக்காமல் உருண்டாலும் சத்தம் தொடர்கிறது

சக்கரத்தில்தான் பழுது. ஹப் கோன், ஆரக்கம்பி, பிரேக் கட்டை, மட்கார்டு என்று அந்த வழியில் தேடுங்கள். இந்தக் கட்டுரை அதற்கல்ல.

## அறிகுறி 3: ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக்

மிதி சுற்றும் வேகத்தோடு சத்தமும் சேர்ந்து வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். இரண்டரை மூன்று மிதிச் சுற்றுக்கு ஒருமுறை வந்தால் அது செயினில் இறுகிப்போன ஒரு கண்ணி. செயினைப் பின்னோக்கிச் சுற்றினால் அந்தக் கண்ணி பல்லில் தாவுவது கண்ணுக்கே தெரியும். அதைப் பக்கவாட்டில் கையால் வளைத்துத் தளர்த்தி எண்ணெய் விட்டால் முடிந்தது.

ஒவ்வொரு சுற்றுக்கும் தவறாமல் வந்தால், செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

உரசல். வளைந்த செயின் கவர் கிராங்கில் இடிக்கிறதா, முன் கியர் கேபிளின் நீண்ட நுனி கிராங்கில் படுகிறதா, பி.பி.க்குப் பின்னால் கிளாம்பு வைத்து மாட்டிய சைடு ஸ்டாண்டின் போல்ட் தளர்ந்திருக்கிறதா? கடைசியாகச் சொன்ன ஸ்டாண்டை யாரும் சந்தேகிப்பதே இல்லை. மிதிக்கும்போது பிரேம் நெளிய, ஸ்டாண்டின் கிளாம்பு குழாயில் உரசி, பி.பி. போலவே கிறீச்சிடும். ஸ்டாண்டை முழுதாகக் கழற்றிவிட்டு ஒரு தெரு ஓட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

பெடல். வலது காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு இடது காலால் மட்டும் மிதியுங்கள், பிறகு மாற்றி மிதியுங்கள். ஒரு காலில் மட்டும் சத்தம் வந்தால் அந்தப் பக்கப் பெடலைக் கழற்றி, மரையையும் கிராங்கின் துளையையும் துணியால் துடைத்து, மரையில் கிரீஸ் தடவி 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) வரை இறுக்குங்கள். அளவுக் கருவி இல்லையென்றால், 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ எடை தொங்குவதுபோல் அழுத்தினால் ஏறத்தாழ 40 வரும். அப்படியும் போகாவிட்டால் வேறொரு சைக்கிளின் பெடலை மாட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் பெடலின் உள்குண்டுகள் தேய்ந்துவிட்டன என்று பொருள்.

செயின் வீல். போல்ட் வைத்த செயின் வீலானால் ஐந்து அல்லது நான்கு போல்ட்டுகளையும் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி, எதிரெதிராக இறுக்குங்கள். ரிவெட் அடித்ததாக இருந்தால் செயின் வீலைக் கையால் பிடித்து கிராங்குக்கு எதிராக அசைத்துப் பாருங்கள். ரிவெட் தளர்ந்திருந்தால் இறுக்க வழியில்லை. கிராங்கோடு சேர்த்து மாற்ற வேண்டும். ரிவெட்டைச் சுத்தியலால் தட்டிப் பெருக்கினால் சில நாள் நிற்கும், பிறகு முன்னைவிட மோசமாகும்.

கிராங்க் ஆக்ஸிலில் நழுவுவது. ஒருவர் வலது கிராங்கை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இடது கிராங்கைச் சுற்றும் திசையில் முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். இடது கிராங்க் மட்டும் துளி நகர்ந்தாலும் பிடிப்பு தளர்ந்துவிட்டது. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 4: ஒரு கிராங்க் மட்டும் ஆடுகிறது

ஆட்டச் சோதனையில் ஒரு பக்கம் ஆடி, மறுபக்கம் கெட்டியாக இருந்தால் பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது. கிராங்கின் பிடிப்பு போயிருக்கிறது. இதோடு ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் பெரிய செலவுக்கு வழி. அலுமினிய கிராங்கின் சதுரத் துளை தளர்ந்த நிலையில் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் அகலும். அகன்ற துளையை மறுபடி எவ்வளவு இறுக்கினாலும் சில கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். அப்போது கிராங்கையே மாற்ற வேண்டும்.

சதுர முனையானால்: போல்ட்டைக் கழற்றி, மரையிலும் போல்ட் தலையின் அடியிலும் கிரீஸ் தடவி, 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். 20 செ.மீ. பிடியில் 20 கிலோ என்ற அதே கணக்கு. சதுர முனையில் கிரீஸ் பூசலாமா கூடாதா என்று மெக்கானிக்குகளிடையே நெடுநாள் வாக்குவாதம் உண்டு. மெல்லிய பூச்சானாலும் வெறுமையானாலும் சரி, முனை சுத்தமாகவும் இறுக்கம் சரியாகவும் இருந்தால் இரண்டும் நிற்கும். பெரும்பாலும் கிறீச்சலுக்குக் காரணம் முனையில் ஒட்டிய மண்தான்.

கிராங்கை எடுக்க கிராங்க் புல்லர் வேண்டும், 22 மி.மீ. மரை. முதலில் போல்ட்டோடு வாஷரும் வெளியே வந்துவிட்டதா என்று பாருங்கள். உள்ளே வாஷர் கிடக்க புல்லரை முறுக்கினால் கிராங்கின் மரை பிடுங்கிக்கொண்டு வரும். புல்லரைக் கையால் கடைசி மரைவரை ஏற்றிவிட்டுத்தான் ஸ்பேனர் போட வேண்டும். மரை ஏற்கெனவே போயிருந்தால் அங்கேயே நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

வெளிக்கப் வகையானால்: இடது கிராங்கின் இரண்டு போல்ட்டையும் 5 மி.மீ. அலன் கீயால் தளர்த்துங்கள். நடுவில் உள்ள பிளாஸ்டிக் மூடியை அதற்கான சாவியால் விரல் பலத்தில் மட்டும் இறுக்குங்கள், 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர் போதும். அந்த மூடி ஆட்டத்தை எடுப்பதற்குத்தான், பாரம் தாங்க அல்ல. பிறகு இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக 12 முதல் 14 வரை இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் முதல் போல்ட் மறுபடி தளர்ந்திருக்கும்.

காட்டர் பின் ஆனால்: இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுத்தியல் வேலை தவறினால் பின்னோடு குண்டும் கப்பும் சேர்ந்து போகும்.

நட் தளர்ந்திருக்கிறதே என்று நட்டை மட்டும் இறுக்கக் கூடாது. நட் இருப்பது பின் பின்னோக்கி நழுவாமல் பிடிக்க மட்டுமே. பின்னை உள்ளே இழுக்க அதைப் பயன்படுத்தினால் பின்னின் மரை போய்விடும். முதலில் கிராங்கின் அடியில், பின்னுக்கு நேர் கீழே, தரையில் ஊன்றிய ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுங்கள். அந்த முட்டு இல்லாமல் அடிக்கும் ஒவ்வோர் அடியும் ஆக்ஸில் வழியாகக் குண்டுகளுக்குப் போய், கப்பில் குழி விழச் செய்யும். முட்டுக் கொடுத்தபின் பின்னின் தலையில் இரண்டு மூன்று உறுதியான அடி, பிறகு நட்டை இறுக்குங்கள்.

பின்னின் தட்டைப் பக்கம் நசுங்கி படி விழுந்திருந்தால் புதுப் பின் போடுங்கள். எல்லாவற்றிலும் மலிவான பாகம் அதுதான். பழையதைக் கழற்றும்போது நட்டைப் பின்னின் நுனிக்குச் சமமாக வரும்வரை தளர்த்தி விட்டுவைத்து, குழாயின் வாய்க்குள் பின்னின் தலை இறங்கும்படி வைத்து, ஒரே ஓங்கிய அடி. பல சின்ன அடிகள் நுனியைத்தான் மழுக்கும். துருப்பிடித்திருந்தால் முந்தின இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். புதுப் பின் உள்ளே போதுமான அளவு போகவில்லையென்றால் தட்டைப் பக்கத்தை அரத்தால் சமமாகத் தேயுங்கள். ஒரு பக்கம் சாய்வாகத் தேய்த்தால் ஒரு முனை மட்டும் பிடித்து மறுபடி டக் என்று ஆரம்பிக்கும்.

திசையும் முக்கியம். வலது கிராங்க் முன்னோக்கி நிற்கும்போது அதன் நட் எந்தப் பக்கம் இருக்கிறதோ, இடது கிராங்கை முன்னோக்கித் திருப்பும்போது அதன் நட்டும் அதே பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் இரு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காமல் கோணலாக இருக்கும். புதுப் பின் போட்டபின் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, முட்டுக் கொடுத்து மறுபடி ஒருமுறை தட்டி நட்டை இறுக்குங்கள். அந்த இரண்டாவது தட்டல் இல்லாத பின் நிற்காது.

## அறிகுறி 5: இரண்டு கிராங்கும் ஒரே அளவு ஆடுகின்றன

இப்போது பி.பி.யின் முறை.

கப் தளர்ந்திருப்பது. முதலில் இதைப் பாருங்கள். கிராங்கை ஆட்டும்போது ஒரு விரலைக் கப்புக்கும் பிரேமுக்கும் நடுவே வையுங்கள். கப்பே அசைந்தால் அதை இறுக்க வேண்டும். கேட்ரிட்ஜ் கப் 50 முதல் 70 நியூட்டன் மீட்டர், அதாவது 30 செ.மீ. பிடியில் 20 கிலோ. வெளிக்கப் 35 முதல் 50. இறுக்குவதற்கு முன் கழற்றிச் சுத்தம் செய்து மரையில் கிரீஸ் தடவுவது உத்தமம். உலர்ந்த மரையே கிறீச்சலின் தாய்வீடு.

கேட்ரிட்ஜ் உள்ளே தேய்ந்தது. கப் அசையவில்லை, ஆக்ஸில் ஆடுகிறது என்றால் சரிசெய்ய எதுவுமில்லை. மொத்தமாக மாற்ற வேண்டும். வாங்கும்போது மூன்று விஷயங்கள்: மரை வகை, கூட்டின் அகலம், ஆக்ஸில் நீளம். கூட்டின் அகலம் பெரும்பாலும் 68 மி.மீ., சில மலைச் சைக்கிள்களில் 73. ஆக்ஸில் 110, 113, 118, 122.5 என்று பல நீளங்களில் வரும். பழைய கேட்ரிட்ஜின் உடம்பிலேயே அளவு பொறித்திருக்கும். 5 மி.மீ. கூட வாங்கினால் செயின் ஓடும் கோடு வெளியே தள்ளும். குறைத்து வாங்கினால் செயின் வீல் பிரேமில் உரசும்.

வெளிக்கப் தேய்ந்தது. அறிகுறி 4-ல் சொன்னபடி மூடியை இறுக்கியும் ஆட்டம் போகவில்லையென்றால் இரு கப்பையும் ஜோடியாக மாற்றுங்கள். மலைச் சைக்கிள் கிராங்கை 68 மி.மீ. கூட்டில் போடும்போது 2.5 மி.மீ. வளையம் வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று, 73 மி.மீ. கூட்டில் வலப்பக்கம் ஒன்று மட்டும். ரோட் சைக்கிளின் 68 மி.மீ. கூட்டில் வளையமே இல்லை. வளையத்தை மறந்தால் ஆட்டம் ஒருபோதும் போகாது.

குண்டு வகையானால் ஆட்டம் எடுக்க வழி உண்டு. இடப்பக்க லாக் ரிங்கைத் தளர்த்தி, கப்பைக் கையால் முட்டும்வரை திருகி, பிறகு எட்டில் ஒரு சுற்றுத் தளர்த்தி, கப் திரும்பாதபடி ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லாக் ரிங்கை இறுக்குங்கள். லாக் ரிங் இறுகும்போது கப் சற்று நகரும். அதனால் இரண்டு மூன்று தடவை சரிபார்க்க வேண்டிவரும்; பொறுமை வேண்டிய இடம் இது. கிராங்கை நான்கு நிலைகளில் ஆட்டிப் பாருங்கள்: ஆட்டம் சுத்தமாக இல்லை, ஆனால் ஒரு விரலால் தள்ளினால் தடையில்லாமல் சுற்றுகிறது. அதுதான் சரியான இடம்.

ஆனால் கரகரப்பும் சேர்ந்து இருந்தால் இறுக்காதீர்கள். தேய்ந்த குண்டை இறுக்கி ஆட்டத்தை மறைத்தால் மிச்சமிருக்கும் கப்பும் ஆக்ஸிலும் சேர்ந்தே அரைபடும். அதைத் திறக்க வேண்டும்.

## அறிகுறி 6: கரகரப்பு, மணல் அரைவதுபோல்

கேட்ரிட்ஜும் வெளிக்கப்பும் கரகரத்தால் மாற்றம்தான். சீலைக் கிளப்பிக் கிரீஸ் அடைப்பவர்கள் உண்டு. கிரீஸ் காய்ந்திருந்தால் மட்டுமே அது உதவும். குழி விழுந்த பாதையைக் கிரீஸ் நிரப்பாது.

குண்டு வகையைத் திறக்கும் வரிசை இது:

1. இரு கிராங்கையும் எடுங்கள். சைக்கிளின் அடியில் தாம்பாளமோ பழைய வேட்டியோ விரியுங்கள்.
2. இடப்பக்க லாக் ரிங், பிறகு இடப்பக்கக் கப். வலப்பக்கக் கப்பை இப்போது தொட வேண்டாம்.
3. ஆக்ஸிலை இழுங்கள். எந்த முனை நீளம் என்று பாருங்கள். நீளமான முனை செயின் பக்கம் போக வேண்டும்.
4. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி உலரத் துடையுங்கள். கூட்டுக்குள் கையைவிட்டு வலப்பக்கக் கப்பின் உட்பாதையையும் துடையுங்கள்.
5. ஒரு பால்பாயிண்ட் பேனாவின் முனையைக் கப்பின் பாதையிலும், ஆக்ஸிலில் குண்டுகள் உருளும் சாய்வான இடமான கோன் பாதையிலும் ஓட்டுங்கள். பளபளப்பான வரி மட்டும் தெரிந்து முனை வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. எங்காவது தடுக்கினால் குழி விழுந்திருக்கிறது. அந்தப் பாகம் போயிற்று.

குண்டுகளை எப்படி இருந்தாலும் மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலக்கக் கூடாது. நூலிழை பெரிதான குண்டுகள்மேல் மட்டும் பாரம் விழுந்து, மற்றவை சும்மா உருளும். அளவு கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ.; பக்கத்துக்கு 11. உள்ளே கூண்டில் கோத்த குண்டுகள் இருந்தால் கூண்டைத் தூக்கி எறிந்துவிட்டு 11 தனிக்குண்டு போடுவது மேல்; அதிகக் குண்டு பாரத்தைப் பகிரும், உடைந்த கூண்டின் தகடு அரைபடும் தொல்லையும் இல்லை. 11 போட்டபின் ஒரு சின்ன இடைவெளி மிச்சமிருக்கும். அதைப் பார்த்து பன்னிரண்டாவதைத் திணிக்காதீர்கள். குண்டுகள் நெருக்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

இரு கப்பிலும் லித்தியம் கிரீஸைத் தாராளமாக அப்பி, குண்டுகளை அதில் பதியுங்கள். ஆக்ஸில் உள்ளே வரும்வரை கிரீஸே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். கூட்டின் உள்ளே பிளாஸ்டிக் உறை இருந்தால் அதை மறக்காமல் திரும்பப் போடுங்கள். சீட் குழாய் வழியே இறங்கும் துருத்தூளும் தண்ணீரும் குண்டுக்குப் போகாமல் தடுப்பது அதுதான். மெல்லிய தகடுதானே என்று கடையில் விட்டுவிட்டு வந்த சைக்கிள்கள் ஒரு மழைக்குள் மறுபடி கரகரக்கும்.

கோனில் குழி விழுந்திருந்தால் ஆக்ஸில் புதிது. இடப்பக்கக் கப்பில் விழுந்திருந்தால் கப் புதிது. வலப்பக்கக் கப்பில் விழுந்திருந்தால் கடைக்குப் போங்கள். அதன் பிடி மெல்லியது, ஸ்பேனர் வழுக்கும், இடது மரை வேறு. வைஸில் பிடித்துப் பிரேமையே திருப்பும் அளவுக்கு இறுகியிருப்பதும் உண்டு. குண்டு வகையின் எல்லாப் பாகங்களும் போயிருந்தால் அதே கூட்டில் சதுர முனை கேட்ரிட்ஜும் புதுக் கிராங்கும் போட்டுக்கொள்ளலாம். கூட்டின் மரையும் அகலமும் பொருந்துகிறதா என்று அளந்த பிறகே.

## அறிகுறி 7: சுற்றில் ஓர் இடத்தில் மட்டும் இறுகுகிறது

ஆட்டம் எடுத்தபின் ஒரு நிலையில் தளர்வாகவும் எதிர்நிலையில் கெட்டியாகவும் இருந்தால், உள்ளே உடைந்த குண்டு கிடக்கலாம். அதைத் திறந்து பாருங்கள். குண்டுகள் முழுசாக இருந்தால் ஆக்ஸில் வளைந்திருக்கும். கிராங்கைக் கழற்றிவிட்டு ஆக்ஸிலை மெல்லச் சுற்றி, அதன் முனையை ஓரக்கண்ணால் பாருங்கள்: ஓர் இடத்திலேயே நின்று சுழல வேண்டும், சின்ன வட்டம் போட்டால் வளைவு. ஆக்ஸில் நேராக இருந்து செயின் வீல் மட்டும் பக்கவாட்டில் ஆடினால் வளைந்தது செயின் வீல், மரச்சுத்தியலால் நேராக்கலாம். ஒன்றிரண்டு மி.மீ. ஆட்டம் இரும்புச் செயின் வீலில் சகஜம், அதைத் துரத்த வேண்டாம்.

## அறிகுறி 8: கப் தானாகக் கழன்று வருகிறது

ஒருமுறை கழன்றால், இறுக்கம் குறைவு. சுத்தம் செய்து சரியான அளவு இறுக்குங்கள். வலப்பக்கம் மட்டும் திரும்பத் திரும்பக் கழன்றால் கூட்டின் மரையை விளக்கடித்துப் பாருங்கள். மரையின் நுனிகள் கூர்மையாக இருந்தால் மரைப்பூட்டுப் பசை போட்டு இறுக்கலாம். மழுங்கி வெள்ளிச் சுருளாக உதிர்ந்தால் கையால் செய்யும் வேலை முடிந்தது.

அதன்பின் இரண்டு வழி. பிரேம் நல்லதானால், கருவி உள்ள கடையில் கூட்டை 36 மி.மீ. இத்தாலிய மரைக்குப் பெரிதாக்கி அதற்கேற்ற கப் போடலாம். அல்லது மரையைப் பிடிக்காமல் இருபுறமிருந்தும் கூட்டை நெருக்கிப் பிடிக்கும் கேட்ரிட்ஜ் கிடைத்தால் அதைப் பொருத்தலாம். கப்பை வெல்டிங் வைத்து ஒட்டித்தரச் சொல்லாதீர்கள். அந்த வெப்பத்தில் கப்பின் கடினம் போய்விடும், அடுத்தமுறை குண்டு தேயும்போது பிரேமையே கழிக்க வேண்டியிருக்கும்.

## அறிகுறி 9: ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கிறீச், பிறகு கரகரப்பு

தண்ணீர் கூட்டுக்குள் தேங்குகிறது. அது பெரும்பாலும் வருவது கப் வழியாக அல்ல, சீட் கம்பி நுழையும் வாய் வழியாக. சீட் கம்பியை எடுத்துவிட்டுச் சைக்கிளைத் தலைகீழாக ஓர் இரவு நிறுத்துங்கள். கூட்டின் அடியில் வடிதுளை இருந்தால் ஊசியால் குத்தி அடைப்பை நீக்குங்கள். சர்வீஸ் கடையில் அழுத்தத் தண்ணீரைப் பி.பி. மேலும் ஹப் மேலும் பீய்ச்ச விடாதீர்கள். சீலைத் தாண்டிக் கிரீஸைக் கழுவி வெளியேற்ற அந்த அழுத்தம் போதும்.

தனிக் குண்டு வகைக்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருமுறை திறந்து, கழுவி, குண்டு மாற்றுவது நல்ல வழக்கம். கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு சேரும். அங்கே அலுமினியப் பிரேமில் இரும்புக் கப் மரையோடு பூத்து ஒட்டிக்கொள்ளும். அதற்கும் மருந்து மரையில் கிரீஸ்தான், ஒட்டுவதற்கு முன்பே.

## அறிகுறி 10: பி.பி. புதிது, சத்தம் மட்டும் பழையது

பிரஸ் பிட் வகையானால் பேரிங் கூட்டில் உட்காரும் இடமே சத்தம் போடுகிறது. இரு பக்கமும் ஒரே நேர்கோட்டில் இல்லாமலோ துளை நூலிழை பெரிதாகவோ இருந்தால், எத்தனை பேரிங் மாற்றினாலும் கிறீச்சல் திரும்பும். அழுத்தும் கருவி உள்ள கடையில் கூட்டை அளந்து, தேவையானால் பேரிங்கைத் துளையில் அசையாமல் பிடிக்கும் பசை போட்டோ, உள்ளே ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும் கப் ஜோடி போட்டோ நிறுத்துவார்கள். கட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றும் வேலையை வீட்டிலும் செய்யாதீர்கள், கடையிலும் செய்ய விடாதீர்கள்.

மற்ற வகைகளில் அறிகுறி 3-ன் பட்டியலை மறுபடி முதலிலிருந்து ஓட்டுங்கள். அதோடு கியர் தொங்கும் கொக்கியின் போல்ட், பின்சக்கர நட், தண்ணீர்ப் புட்டிக் கூட்டின் போல்ட்டுகள், ஹேண்டில் ஸ்டெம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து ஓட்டிப் பாருங்கள். நான்கை ஒன்றாக இறுக்கினால் எது குற்றவாளி என்று அடுத்த முறையும் தெரியாது.

எதுவும் அகப்படவில்லையென்றால் கூட்டைச் சுற்றி, குழாய்கள் சேரும் பற்றுகளை நன்றாகத் துடைத்துவிட்டு வெயிலில் பாருங்கள். பெயிண்டில் மயிரிழைக் கோடு, அந்தக் கோட்டிலிருந்து துரு வழிந்த தடம், மிதியை அழுத்தும்போது கோடு திறந்து மூடுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். இரும்புப் பிரேமைத் தேர்ந்த வெல்டர் பற்றவைக்க முடியும். அலுமினியப் பிரேம் விரிசல் விட்டால் அதைக் கழித்துவிடுவதே பாதுகாப்பு. கார்பனை அதைச் செப்பனிடுவதையே தொழிலாகச் செய்பவரிடம் மட்டும் கொடுங்கள்.

கடைக்குப் போகும்போது "பி.பி. மாத்திடுங்க" என்று சொல்லாதீர்கள். எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது, எந்தக் காலில் மிதித்தால் சத்தம் வருகிறது, எவற்றையெல்லாம் ஏற்கெனவே கழற்றிப் பார்த்தாயிற்று என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய ஆக்ஸிலையும் கப்பையும் கேட்டு வாங்கிப் பேனா முனையை ஓட்டிப் பாருங்கள். அடுத்த முறை பாகம் வாங்கும்போது அளவுக்கு அதே பழைய ஆக்ஸிலைக் கையில் கொண்டுபோகலாம்.